ஊர் வீட்டில் நிறுத்தி வைக்க ஒரு சுசுகி

"ஊர்ல ஒரு கார் வாங்கிப் போடலாம்னு இருக்கோம் ஆச்சி, எது நல்லது?" கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கினால் இந்தக் கேள்வி எனக்குத் தவறாமல் வந்துவிடும். கேட்பவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். செட்டிநாட்டில் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எங்காவது பூர்வீக வீடு இருக்கும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் வருவார்கள், சில நாள் தங்குவார்கள், போய்விடுவார்கள். முகூர்த்த நாளில் வாடகைக் கார் சொன்ன நேரத்துக்கு வராது. அந்த எரிச்சலில் பிறக்கிற யோசனைதான் சொந்தக் கார்.

நான் காரைக்குடியிலேயே இருப்பவள், கார் ஓட்டுபவள். அதனால் உறவுக்காரர்கள் வீட்டுக் கார் சாவிகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன. அவர்கள் இல்லாத நாளில் வண்டியைக் கிளப்பி ஓட்டி, காற்றுப் பார்த்து, இன்சூரன்ஸ் தேதி பார்த்து வைப்பது என் பொறுப்பு. சாவிக் கொத்தில் தொங்குவது பெரும்பாலும் சுசுகிதான், இங்கே மாருதி என்ற பெயரோடு வருவது. பழைய மாருதி 800, ஒரு ஆம்னி, ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர். இத்தனை வருஷம் இவற்றோடு பழகியதில் எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் வந்திருக்கிறது. செட்டிநாட்டில் கார்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். நிற்பதைத் தாங்குகிற வண்டியாக வாங்கி, அதை நிற்க வைக்கிற முறையையும் தெரிந்துகொண்டால் இருபது வருஷம் கவலை இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது அம்பாசடர். அப்பச்சி (அப்பா) அதை விற்றுவிட்டு மாருதி 800 வாங்கியது தொண்ணூறுகளில். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) அந்த வண்டியின் அளவே மனத்துக்குப் பிடிக்கவில்லை. "இதுல சாமான ஏத்துறதா, ஆள ஏத்துறதா?" என்று கேட்டார்கள். ஆனால் அம்பாசடரில் டிரைவர் இல்லாமல் எந்தப் பெண்ணும் வெளியே கிளம்பியதில்லை. 800 வந்த பிறகு நான் கற்றுக்கொண்டேன், என் நாத்தனார் கற்றுக்கொண்டார், எதிர் வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் கற்றுக்கொண்டார். ஸ்டீயரிங் லேசு, கிளட்ச் லேசு, முன்னால் மூக்கு எங்கே முடிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். நாலு கியர்தான். பள்ளத்தூர் ரோட்டில் காலை நேரத்தில் ஓட்டிப் பழகினால் போதும், கொப்புடையம்மன் கோயில் பக்கத்து நெரிசலில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்கு டிரைவரை எதிர்பார்க்காத வாழ்க்கையைக் கொடுத்த வண்டி அது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

இந்தச் சுசுகி கம்பெனி எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதன் தறிக் கதை. ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊர், பருத்தி விளையும் பக்கம். அங்கே மிச்சியோ சுசுகி என்ற இளைஞர் தச்சு வேலை பழகியவர். 1909இல் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். முதல் தறியைத் தன் தாயாருக்காகச் செய்தார் என்று சொல்வார்கள். இரண்டு நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) வைத்து, நிறம் மாற்றிக் கோடு போட்ட துணி நெய்கிற தறியை அவர் செய்த பிறகு வியாபாரம் பிடித்துக்கொண்டது. கண்டாங்கிச் சேலையில் கட்டம் விழுவதைக் காரைக்குடியில் தறிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர்களுக்கு, நிறம் மாற்றி நெய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். 1930களில் கைலி நெய்கிற தறிகளைச் செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நம் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலம்!

1937இல் மிச்சியோ இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வரவழைத்துப் பிரித்துப் பார்த்து, சொந்தமாக மாதிரி வண்டிகள் செய்தார். போர் வந்ததால் அது நின்றது. போருக்குப் பிறகு நெசவுத் தொழில் படுத்தது, கம்பெனியும் ஆடிப்போனது. 1952இல் சைக்கிளில் பொருத்துகிற 36 சிசி சின்ன மோட்டார் ஒன்றைச் செய்தார்கள், 'பவர் ஃப்ரீ' என்று பெயர். மிதித்தும் போகலாம், மோட்டாரிலும் போகலாம். 1954இல் கம்பெனியின் பெயரையே சுசுகி மோட்டார் என்று மாற்றினார்கள். அடுத்த வருஷமே 'சுசுலைட்' கார் வந்தது. 360 சிசிக்கும் குறைவான எஞ்சின், முன் சக்கரம் இழுக்கிற வண்டி. அன்றைய ஜப்பானில் அது புதுமை. சின்ன வண்டி, குறைந்த எடை, குறைந்த செலவு என்ற வழியை அவர்கள் அன்றிலிருந்து விடவில்லை.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு சங்கதி நம் பக்கத்து வழக்கத்தை நினைவூட்டுவது. வாரிசுக்கு மாப்பிள்ளையைக் குடும்பப் பெயரோடு வீட்டுக்குள் எடுத்துக்கொள்வது. ஒசாமு சுசுகி ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். மிச்சியோவின் பேத்தியைக் கட்டி, அந்தக் குடும்பப் பெயரை ஏற்று, 1978இல் தலைவரானார். பிள்ளை கூட்டிக்கொண்டு, அதாவது தத்தெடுத்து, வீட்டு வம்சத்தைக் காப்பாற்றுகிற வழக்கம் உள்ள நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1979இல் ஆல்ட்டோ என்ற காரை 4,70,000 யென்னுக்கு அவர் விற்பனைக்கு விட்டபோது ஜப்பானே திரும்பிப் பார்த்தது. ஒசாமு 2024 டிசம்பர் 25ஆம் தேதி காலமானார். அந்த வாரம் எங்கள் மெக்கானிக் கடையில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காரைக்குடியில் செஞ்சைப் பக்கத்து ஒரு சின்னக் கடையில் ஜப்பான்காரர் ஒருவரின் மறைவு பேச்சாக வேண்டும் என்றால் அந்த ஆள் எவ்வளவு தூரம் நம் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும்!

இந்தியக் கதையிலும் ஒரு தமிழர் இருக்கிறார். கருவேலி கிராமத்தில் பிறந்த வெ. கிருஷ்ணமூர்த்தி. பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) நிறுவனத்தை நிமிர்த்திய பிறகு, 1981இல் தொடங்கிய அரசுக் கார் கம்பெனியான மாருதி உத்யோகை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கூட்டாளி தேடி உலகம் முழுக்கப் பேசிப் பார்த்து, கடைசியில் 1982 அக்டோபர் 2ஆம் தேதி சுசுகியோடு ஒப்பந்தம் ஆனது. அப்போது சுசுகியின் பங்கு 26 சதவீதம். ஜப்பானில் டொயோட்டா, நிசான் முன்னால் சுசுகி சின்னக் கம்பெனிதான், ஆனாலும் துணிந்து பணம் போட்டார்கள். அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்பதையும் கையோடு கொண்டுவந்தார்கள். 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் 800இன் சாவியை இந்திரா காந்தி, ஹர்பால் சிங் என்ற விமான நிறுவன ஊழியரிடம் கொடுத்தார். அவர் 2010இல் இறக்கும்வரை அந்தக் காரை விற்கவே இல்லை. அவருக்குப் பிறகு அது டெல்லியில் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்துப்போனது. பிறகு கம்பெனியே அதை எடுத்துச் சீர் செய்து காட்சிக்கு வைத்தது. ஓட்டியவர் இருந்தவரை நன்றாக இருந்த வண்டி, நிறுத்திய சில வருஷத்தில் அந்தக் கதிக்கு வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர் ஷெட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். கார் ஷெட் பெரும்பாலும் பின் தெருவில், பழைய வண்டிக் கொட்டகையாக இருந்த இடம். விறகு, தேங்காய், உடைந்த கட்டில், கல்யாணப் பாத்திரம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஆக எலிக்குச் சொந்த ஊரே அதுதான். ஒரு முறை உறவுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்காகப் பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கி, காலையில் காரை எடுக்கப் போனார். சாவி திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தோம். எஞ்சின் தலைமேல் வேப்பிலைச் சருகு, தேங்காய் நார், பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தையைக் கடித்து எடுத்த துணுக்குகள், எல்லாம் சேர்த்து ஒரு கூடு. எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிற வயரில் விரல் நீளத்துக்கு மேல்தோல் இல்லை, உள்ளே செம்பு பளபளத்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் அதற்குள்ளும் வேப்பங்கொட்டை. மெக்கானிக் தம்பி வந்து வயரைச் சேர்த்துக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள் ஆட்டோவில்தான் போனார்கள்.

அதிலிருந்து எங்கள் பொறுப்பில் உள்ள வண்டிகளுக்குச் சில ஏற்பாடு. வண்டி நிற்கிற இடத்தைச் சுற்றித் தேங்காய், நெல், விறகு எதுவும் கூடாது. பானெட்டைத் திறந்தே வைத்தால் எலி கூடு கட்டுவது குறைகிறது. இருட்டும் கதகதப்பும்தான் அதற்கு வேண்டியது. கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற இடத்தில் சன்னமான கம்பி வலையை வெட்டிப் பொருத்தச் சொன்னேன், செலவு கொஞ்சம்தான். புகையிலை, ரச கற்பூரம் எல்லாம் வாசனை இருக்கும்வரைதான் வேலை செய்யும். வெளியூரில் இருப்பவர் வந்து மாற்றப்போவதில்லை, ஆகவே அதை நம்பி இருக்க வேண்டாம். கார் சீட்டில் பிஸ்கட், பலகாரப் பொட்டலம் ஒரு துணுக்குக்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். கல்யாண வீட்டுத் தேன்குழல் தூள் ஒன்று சீட்டுக்கடியில் கிடந்தாலே போதும்.

பேட்டரி அடுத்த விஷயம். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவி) வைத்த பழைய 800இல் நிற்கும்போது மின்சாரம் இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது. மாதக்கணக்கில் நின்றாலும் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, சோக் இழுத்தால் எழுந்துவிடும். இப்போது வருகிற வண்டியில் அலாரம், கம்ப்யூட்டர், திரை என்று ஏதாவது சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், வீட்டு வாட்ச்மேனுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். கழற்றும் முன் காரின் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகள் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"வாரம் ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறேன் ஆச்சி" என்று வீட்டுக் காவலுக்கு இருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதனால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்தினால் புகையில் வருகிற ஈரம் சைலன்சருக்குள்ளேயே தங்கும், ஆயிலிலும் கலக்கும். சைலன்சர் உள்ளிருந்தே துருவேறி ஓட்டையாகும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டையும் பேட்டரி திரும்பப் பெறாது. எடுத்தால் இருபது முப்பது நிமிஷம் ரோட்டில் ஓட்டுங்கள், ஏசியும் போட்டு ஓட்டுங்கள், இல்லையேல் தொடவே தொடாதீர்கள். நான் ஒவ்வொரு வண்டியையும் முறை வைத்துக் குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிவரை கொண்டுபோய் வருவேன். எஞ்சினும் நன்றாகச் சூடேறும், பிள்ளையாரையும் கும்பிட்டாயிற்று. நேரம் இருந்தால் வைரவன்பட்டிவரை போவதும் உண்டு.

நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும், வண்டி நகராது. முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும். டயரில் காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, ஓட்டும்போது ஸ்டீயரிங் அதிரும். டயரின் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேல் வரிகள்) தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'புது டயர்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் நாலு எண் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமல் ஷெட்டில் நின்ற டயர் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். ஆறு வருஷம் தாண்டிய டயரோடு நான் யாரையும் திருச்சி ரோட்டில் அனுப்புவதில்லை.

பழைய 800, ஆம்னி, ஆல்ட்டோ 800, முதலில் வந்த வேகன் ஆர் இவற்றில் எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. ரப்பர் பெல்ட் என்பதால் ஓட்டம் குறைவாக இருந்தாலும் வயதுக்குக் கெடும். "மீட்டர் நாப்பதாயிரம்தான் காட்டுது" என்று சொல்லிப் பதினைந்து வருஷப் பெல்ட்டை வைத்து ஓட்டாதீர்கள், அறுந்தால் நடு ரோட்டில் நின்றுவிடும். 2008க்குப் பிறகு வந்த கே வரிசை பெட்ரோல் எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின், இந்தத் தொல்லை கிடையாது. செகண்ட்ஸில் ஊருக்கென்று வாங்குபவர்களுக்கு நான் கே எஞ்சின் உள்ள வண்டியையே சொல்வது இதனால்தான்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் கத்தரி வெயிலில் எஞ்சின் கொதிக்கும். பச்சையோ சிவப்போ, தண்ணீர் கலந்தே விற்கிற கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) டப்பா ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். செம்மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதே.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டாங்கியோடு மழைக்காலம் முழுக்க நிற்கிற பழைய வண்டிக்கு இது நல்லதில்லை. பழைய கார்புரேட்டர் 800 வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ரப்பர் குழாய்களை மாற்றிவிடுவது நல்லது. அந்தக் குழாய் வெடிப்பு விட்டுக் கசிந்தால் ஷெட்டுக்கே ஆபத்து. பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வைத்திருப்பவர்கள் இந்தக் கார்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? காரைக்குடியில் கேட்டால் முதல் பதில் மைலேஜ், இரண்டாவது பதில் சாமான் கிடைப்பது. 800 தயாரிப்பு 2014இல் நின்றுபோனது, ஆனால் அதன் கிளட்ச் பிளேட்டும் வாட்டர் பம்பும் இன்றும் ஊரிலேயே கிடைக்கின்றன. இல்லாவிட்டால் மதுரையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். வருஷத்தில் சில நாள் மட்டும் வருகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரை ஊரில் நிறுத்தியவர் ஒரு சென்சாருக்காகச் சென்னையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விசேஷச் சமையல்காரர்களைக் கேட்டால் ஆம்னியைத் தவிர வேறு பேச்சு இல்லை. பின் சீட்டை எடுத்துவிட்டு அண்டாவும் பலகாரத் தூக்குகளும் ஏற்றுவார்கள். அதன் தயாரிப்பு 2019இல் நின்றபோது உண்மையிலேயே வருத்தப்பட்டவர்கள் அவர்கள்தான். டிராவல்ஸ்காரர்கள் டீசல் ஸ்விஃப்ட், டிசையரைக் கொண்டாடுவார்கள். அந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு அது ராஜா, ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு டீசல் வேண்டவே வேண்டாம். வயதானவர்களுக்குக் கிளட்ச் இல்லாத வேகன் ஆர் பிடித்திருக்கிறது. ஏறி இறங்க முழங்கால் மடங்க வேண்டியதில்லை என்று அப்பத்தாக்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்வார்கள். கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும், அதைப் பழகிக்கொள்கிறார்கள்.

குறை சொல்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தகரம் லேசு." அதை நான் மறுக்க மாட்டேன். 800இன் எடை 650 கிலோவை ஒட்டியே இருக்கும். திருமயம் பக்கம் எதிரே பஸ் வேகமாகக் கடந்தால் வண்டி ஆடுவது கையில் தெரியும். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800க்கும் ஸ்விஃப்டுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2018இல் பிரெஸ்ஸா நாலு நட்சத்திரம் வாங்கியது. 2023இல் வேகன் ஆருக்கு ஒன்றுதான் கிடைத்தது. 2024இல் புது டிசையருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரமும் வந்தது. மனது வைத்தால் இவர்களால் செய்ய முடியும் என்பதற்கு டிசையரே சாட்சி. முதலிலிருந்தே எல்லா வண்டியிலும் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். சிக்கனம் என்ற பெயரில் உயிரில் கை வைக்கக் கூடாது.

ஆகவே எனக்கென்று ஒரு பிரிவினை வைத்திருக்கிறேன். காரைக்குடிக்குள், பக்கத்து ஊர்களுக்கு, கோயிலுக்கு, சந்தைக்கு என்றால் பழைய 800ஓ ஆல்ட்டோவோ தாராளமாகப் போதும். திருச்சி விமான நிலையத்துக்கோ மதுரைக்கோ குழந்தைகளோடு போக வேண்டும் என்றால் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏற்பாடு) உள்ள வண்டிதான், அதுவும் பகலில்தான். 2019இல் இந்த இரண்டும் சட்டப்படி கட்டாயமாயின, ஓட்டுநருக்கு ஏர்பேக் என்ற அளவில். முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் என்பது 2022இலிருந்து. செகண்ட்ஸ் வாங்கும்போது தயாரிப்பு வருஷத்தை இந்தக் கணக்கோடு பாருங்கள். விலையில் கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் 2022க்குப் பிந்தையதையே எடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். பின் சீட்டில் உட்காரும் ஆச்சிகளும் பெல்ட் போட வேண்டும். பட்டுச் சேலை கசங்கும் என்று சொல்பவர்களை நான் வண்டி எடுக்காமலே உட்கார வைத்திருக்கிறேன்.

காகித விஷயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்சி (பதிவுச் சான்று) பதினைந்து வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி, எஃப்சி (தகுதிச் சான்று) முடித்து, பசுமை வரி கட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றாலும் தேதி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்பச்சி பெயரில் இருக்கிற காரை அவர்கள் காலத்துக்குப் பிறகு யார் பெயருக்கும் மாற்றாமல் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. பங்காளிகள் எல்லாரும் ஊரில் கூடுகிற படைப்பு சமயத்திலேயே உட்கார்ந்து பேசி, ஒருவர் பெயருக்கு எழுதிக் கையெழுத்து வாங்கி முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஒருவர் சிட்னியில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். பெயர் மாறாத ஆர்சியோடு இன்சூரன்ஸ் பணம் கேட்டுப் போனால் அலைச்சல் சொல்லி மாளாது.

வருஷத்தில் ஒரு வாரம்கூட ஊருக்கு வராதவர்கள் என்னிடம் கேட்டால், கார் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நல்ல டிரைவர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, வருவதற்கு ஒரு மாதம் முன்பே முகூர்த்த நாளுக்குச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறையாவது வருபவர்கள், அல்லது ஓட்டத் தெரிந்த ஆள் ஊரில் உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள். பெட்ரோல் வண்டியாக, செயின் எஞ்சினாக, 2022க்குப் பிந்தையதாக, வெள்ளை நிறமாக. வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் வெள்ளைதான் தோது. ஷெட்டைச் சுத்தம் செய்து முடித்த பிறகு வண்டியைக் கொண்டுவாருங்கள், சாவியில் ஒன்றை மறக்காமல் ஊரில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.